சதமடித்த ஸ்கூட்டர்

என் ஸ்கூட்டரில் ஸ்பீடாமீட்டர் வேலை செய்யாது. பெட்ரோல் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். ஆனால் தர்மாமீட்டர் உண்டு. தஞ்சாவூரில் தர்மாமீட்டர் வைத்த ஸ்கூட்டர் வேறு யாரிடமாவது இருந்தால் ஒரு கார்டு போடுங்கள், சங்கம் ஆரம்பிக்கலாம்.

மீன்தொட்டிக்கு என்று விற்கிறார்களே, தீப்பெட்டி சைஸில் ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் ஒரு மொட்டு. அதுதான். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மாட்டச் சொன்னபோது அவர் வண்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் சார், ஜுரமா?" என்றார்.

"வண்டிக்கு இல்லைப்பா, ஊருக்கு."

"ஊருக்குன்னா மாத்திரை கிடையாது சார்" என்று ஹேண்டில்பாரில் ஒட்டிக் கொடுத்தார்.

மொட்டை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பிரச்னை. வெயிலில் வைத்தால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, தான் காய்கிற சூட்டைத்தான் சொல்லும். வானிலைக்காரர்கள் தர்மாமீட்டரை வெயிலில் காட்டுவதே இல்லை. வெள்ளை பெயின்ட் அடித்து, நாலு பக்கமும் சாய்வுப் பலகை வைத்துக் காற்றோட்டம் விட்ட மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கலங்கரை விளக்கம் கட்டுகிற இன்ஜினீயர். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா. நம் பட்ஜெட்டுக்கு இரண்டு ஐஸ்க்ரீம் கப்பைக் கவிழ்த்து, ஓட்டை போட்டு, கண்ணாடிக் கம்பியில் கட்டினேன். வண்டி ஓடுகிறவரை நியாயமாகச் சொல்கிறது. சிக்னலில் நின்றால் தார் ரோடும் முன்னால் நிற்கிற பஸ்ஸும் சேர்ந்து இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடுகின்றன.

டப்பாவின் பின்னால் ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் செல்சியஸ், இன்னொரு தடவை அழுத்தினால் ஃபாரன்ஹீட். குடும்பத்தில் சண்டை ஆரம்பித்தது இங்கேதான்.

பிளஸ் டூ படிக்கிற என் பையன் காலையில் செல்சியஸுக்கு மாற்றிவிட்டுப் போவான். நான் ஆபீஸ் கிளம்பும்போது ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றுவேன். "உலகமே செல்சியஸ்ல இருக்குப்பா" என்பான். இருக்கட்டும். மே மாதம் கீழவாசலில் மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டியை நிறுத்தி டப்பாவைப் பார்த்தால் 38 என்கிறது. 38 ஒரு நம்பரா? நம் ஊரில் 35 வாங்கினால் பாஸ். 38 என்றால் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறின பையன் ஞாபகம்தான் வருகிறது. பொத்தானை அழுத்தினால் 100! அதுதான் வெயில். தமிழ்ப் பத்திரிகைகள் கோடை வந்தால் 'சதமடித்தது வெயில்' என்று தலைப்புப் போடுகின்றனவே, அது ஃபாரன்ஹீட் சதம். 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்து, அப்புறம் சேர் போய், மைல் போய், எல்லாம் போன பிறகும் வெயில் மட்டும் பழைய கணக்கிலேயே பேட்டிங் செய்கிறது.

"ரெண்டுல எதுல வெச்சா வேர்க்காம இருக்கும்?" என்று கேட்டாள் என் மனைவி. இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

ஃபாரன்ஹீட்காரர் 1724-ல் தன் அளவை வெளியிட்டார். உப்பும் ஐஸும் கலந்த கலவைக்குப் பூஜ்யம், மனுஷ உடம்புக்கு 96 என்று வைத்துக்கொண்டார். (பிற்பாடு சரிபார்த்ததில் உடம்பு 98.6-க்கு வந்தது.) செல்சியஸ் ஸ்வீடன்காரர், வானத்து நட்சத்திரம் பார்க்கிறவர். 1742-ல் அவர் முதலில் சொன்னது தலைகீழ்: கொதிக்கிற தண்ணீருக்குப் பூஜ்யம், உறைகிற தண்ணீருக்கு 100. அந்தக் கணக்குப்படி வேலூரைவிடக் கொடைக்கானலுக்குத்தான் டிகிரி ஜாஸ்தி! அவருக்குப் பிறகு வந்தவர்கள் திருப்பி வைத்தார்கள்.

நல்லவேளை, தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரே அளவை வைத்துக்கொண்டு பிழைக்கிற வழக்கம் எப்போதுமே கிடையாது. பெரிய கோவில் கல்வெட்டில் நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று நடராஜர் பெயர். ராஜராஜன் காலத்தில் ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வரை கணக்கெழுதியிருக்கிறார்கள். இன்றைய வேலியில் போட்டுப் பார்த்தேன். அரை சதுர மில்லிமீட்டர் வருகிறது. எறும்பு உட்கார்ந்தால் பக்கத்து நிலத்தில் அத்துமீறல்.

இப்போதும் அப்படித்தான். நிலம் என்றால் குழி, மா, வேலி: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. விளைச்சல் 'மாவுக்கு எத்தனை மூட்டை'. அதையே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் 40 கிலோ சிப்பம், விலை குவிண்டாலுக்கு. மேட்டூர் மட்டம் அடியில், முழுசாக நிரம்பினால் 120. இருப்பு டி.எம்.சி.யில், அதாவது ஆயிரம் மில்லியன் கன அடியில். 2018-ல் சுப்ரீம் கோர்ட் கர்நாடகம் நமக்கு விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னபோது டீக்கடையில் ஒருத்தராவது "லிட்டரில் எவ்வளவு?" என்று கேட்டிருப்பாரா?

போன ஆவணியில் பெரியப்பாவைப் பார்க்கத் திருவையாற்றுப் பக்கம் போனேன். கீழவாசலில் டப்பா 98 காட்டியது. கரந்தையில் வடவாறு தாண்டி, பள்ளியக்ரஹாரத்தில் வெண்ணாறு தாண்டி, இரண்டு பக்கமும் குறுவை பச்சையாக விரிந்ததும் 95, அப்புறம் 94. ஏ.சி. ரூமுக்குள் நுழைகிற மாதிரி. நெற்பயிர் வேரால் தண்ணீர் குடித்து இலை வழியாக ஆவியாக விடுகிறது. அதில் சூடு போய்விடுகிறது. மண்பானை வேலைதான்.

பெரியப்பாவுக்கு ஒன்பது மா. பொத்தான் சண்டையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தி நாலு, பெரியப்பா."

"மணி?"

"பத்தரை."

"பயிரு பூவுல நிக்குதுடா தம்பி" என்றார்.

நெல் பூக்கிறதைப் பலபேர் பார்த்திருக்க மாட்டோம். மல்லிகை மாதிரி அலங்காரமெல்லாம் கிடையாது. முற்பகலில் உமி லேசாக வாய் திறக்கும், மகரந்தம் கொட்டும், ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் காற்று 35 செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டாது. மணி பிடிக்காமல் பதராகப் போகும். எனக்குப் பாஸ் மார்க்காகத் தெரிந்த 35, நெல்லுக்கு ஃபெயில் மார்க். பெரியப்பாவுக்கு வேளாண்மை ஆபீசில் 35 என்று சொல்லியிருக்கிறார்கள். "அது என் காதுல ஏறலை. தர்மாமீட்டர்ல தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லு, வெச்சுக்கறேன்" என்றார். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு ஜுரம் பார்த்தே பழகின மனுஷர்.

ராத்திரிச் சூட்டையும் சொன்னேன். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பன்னிரண்டு வருஷக் கணக்கைப் பார்த்து 2004-ல் எழுதினார்கள். அவர்கள் வயலில், கோடைப் போகத்தில், இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் பத்து சதவீதம் குறைந்தது என்று.

பெரியப்பா வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். "ஒரு டிகிரின்னா யாரோட டிகிரி? உம்மவனோடதா, உன்னோடதா?"

"அவனோடது. நம்ம கணக்குல ஒண்ணே முக்காலுக்கு மேல."

"அப்பச் சரி. கொஞ்சம் தாங்கலாம்" என்றார்.

பூக்கிற சமயத்தில் வயலில் தண்ணீர் நின்றால் பயிர் தன்னையே குளிர்த்திக்கொள்ளும். கையில் இருக்கிற வைத்தியம் அதுதான். ஆனால் வாய்க்காலில் முறைத் தண்ணீர். அவர் முறை வர இன்னும் நாலு நாள். பக்கத்து வயல்காரரிடம் போர் மோட்டார் இருக்கிறது, பேச்சுவார்த்தை இல்லை. வரப்புத் தகராறு, ஏழு வருஷம். என்ன பெரிய தகராறு, அரைக் குழிகூட இருக்காது.

பெரியப்பா எழுந்துபோய் ஹேண்டில்பாரிலிருந்து டப்பாவை மெல்லப் பெயர்த்தார். ஒயரைச் சுருட்டி, ஐஸ்க்ரீம் கப்பையும் எடுத்துக்கொண்டார். ஒரு மூங்கில் கழியில் கதிர் உயரத்துக்குக் கட்டி வரப்பில் நட்டார். "பொத்தானை ஒம்பக்கமே விட்டுட்டுப் போ" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பத்து மணி 92. பதினொண்ணு 94. மறுநாள் பத்து மணி 93, பதினொண்ணு 95½. அந்தத் தாளில் மட்டும் கீழே ஒரு வரி கூடுதல்: 'மோட்டார் கேட்டேன். விட்டான்.'

மாவுக்கு எத்தனை மூட்டை என்று கேட்டேன்.

"புரட்டாசியில வா. பச்சையில இருக்கறப்ப எண்ணக்கூடாது" என்றார்.