வெற்றுக் கோட்டை

1967இல் புரூனோ பெட்டல்ஹைம், ஆட்டிஸக் குழந்தைகள் பற்றிய தன் புத்தகத்துக்கு 'வெற்றுக் கோட்டை' என்று பெயர் வைத்தார். வெளியே மதில், உள்ளே யாருமில்லை. பழி பாசமற்ற தாயின்மேல். 1964இலேயே, ஆட்டிஸக் குழந்தையின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் இந்தத் தாய்ப்பழியை மறுத்து எழுதியிருந்தார். ஆனால் ஆதாரத்தைவிட உவமைக்குத்தான் வாசகர் அதிகம். தாய்மார்கள் ஓர் உவமைக்காகக் கூண்டில் நின்றார்கள்.

1986இல் கோட்டைக்குள்ளிருந்தே ஒரு சுயசரிதை வந்தது. டெம்பிள் கிராண்டின், மார்கரெட் ஸ்காரியானோவுடன் சேர்ந்து எழுதியது. மூன்று வயதிலும் பேச்சு வராத குழந்தை. அதை மனநோய் விடுதியில் விட மறுத்த தாய். அணைப்புக்கு ஏங்கியும் மனிதர் அணைத்தால் தாங்காத உடம்பு. மாட்டை இருபுறமும் நெருக்கி நிறுத்தும் சட்டத்தைப் பார்த்து, தனக்கென்று அதுபோல ஒன்றைச் செய்துகொண்டவர் கிராண்டின்.

இதைப் படித்தபோது ஆலிவர் சாக்ஸுக்கே வந்த முதல் சந்தேகம்: இதை இவர்தான் எழுதினாரா? ஆட்டிஸ மனத்துக்குத் தன்னைத்தானே பார்க்கத் தெரியாது என்பது அன்றைய வைத்திய சித்தாந்தம். பிறகு கிராண்டினின் மற்ற கட்டுரைகளைப் படித்தார். அதே குரல். சந்தேகத்தைக் கைவிட்டார், 1995இல் வந்த தன் நூலில் அதைச் சொல்லவும் செய்தார். அது நேர்மை.

என் சண்டை சாக்ஸோடு அல்ல, அந்தச் சந்தேகத்தின் சௌகரியத்தோடு. நன்றாக எழுதினால், 'அப்படியானால் இவருக்கு ஆட்டிஸமே இல்லை.' எழுத வராவிட்டால், 'இவருக்காக நாங்கள் பேசுகிறோம்.' எப்படியும் பேசுகிறவன் வெளியே நிற்பவன்தான். 'நீ உள்ளே போய்ப் பார்த்தாயா?' என்று பெட்டல்ஹைமிடம் எத்தனை பேர் கேட்டார்கள்?

ஆட்டிஸம் உள்ள எல்லோரும் தன்னைப்போலப் படங்களாகவே சிந்திக்கிறார்கள் என்று கிராண்டின் 1995இல் எழுதினார். 2006 பதிப்பில், அது தவறு என்று தானே திருத்தினார். சிலர் சொற்களில் சிந்திக்கிறார்கள், சிலர் இசையிலும் கணிதத்திலும் உள்ள ஒழுங்குகளில் சிந்திக்கிறார்கள் என்றார். தன்னைப் பார்க்கத் தெரியாது என்று சொல்லப்பட்ட மனம் செய்த காரியம் இது. சுயப்பிரக்ஞையை உரிமை கொண்டாடும் நம்மில் எத்தனை பேர் மறுபதிப்பில் இப்படி ஒரு வரியைத் திருத்தியிருக்கிறோம்?

பிறர் மனத்துக்கு உவமை தேடுகிறவர்கள், அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை கதவைத் தட்டட்டும். பதில் வரத் தாமதமானால் காத்திருக்கட்டும். ஆளில்லை என்று எழுதிவிட்டுப் போக வேண்டாம்.