துரை ஓட்டிய கார்

இரத்தினபுரி மாவட்டத்தில், விசேஷமாகப் பெல்மதுளையிலிருந்து றக்வானை வரையுள்ள தோட்டப் பிரதேசத்தில், பழைய மோட்டார் கார் ஒன்று விலைக்கு வருகிறது என்ற செய்தி பரவியவுடனே, அதைக் கண்ணால் காணாமலே அதன் குணாதிசயங்களை வர்ணிக்கத் தொடங்கிவிடுகிற வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. துரைமார் ஓட்டிய கார். கடலுப்புப் படாத கார். சம்பளத்துக்கு அமர்த்திய டிரைவர் நாள்தோறும் துடைத்துப் பேணிய கார். ஆகையால் கேட்கிற விலையைக் கொடுத்துவிடலாம், இன்றைக்குப் போடுகிற காசு நாளைக்கு இரட்டிப்பாகும் என்பதே அவ்வர்ணனையின் சாரம். தரகர் சொல்லும்போது அது அவருடைய தொழில் என்று விட்டுவிடலாம். ஆனால் ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கிற ஆசிரியரும், கொழும்பிலே உழைத்துச் சேர்த்த வாலிபரும் இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்வதைக் காணும்போது, அந்த வாதத்தைக் கூறுகூறாகப் பிரித்துப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

முதலாவது வாதம், மலைநாட்டுக் காருக்குத் துரு இல்லை என்பது. கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும் என்பது மெய்யே. அதைக்கொண்டு, உப்பில்லாத இடத்தில் இரும்பு அரிக்காது என்று முடிவுகட்டுவது தர்க்க சாஸ்திரத்துக்கு விரோதமானது. துருவுக்கு நீரும் காற்றுமே போதும். சிங்கராஜ வனத்தை அடுத்த இந்தச் சரிவுகளிலோ ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிவது சாதாரணம். மழை ஓய்ந்த நாளிலும் பனிமூட்டம் ஓய்வதில்லை. தோட்டப் பாதையின் செம்மண் சேறு காரின் அடிவயிற்றில் அப்பி, மூடுண்ட இடுக்குகளில் தங்கி, வெயில் காணாமலே மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். டிரைவர் துடைத்தது கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பையே.

இந்தப் பக்கத்திலே அதிகமாகக் கைமாறுகிற மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948இல் வெளிவந்த அந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். ஆகவே கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடுகிற பெட்டிப் பகுதியும், முன் ஆசனங்களுக்கு அடியிலுள்ள குறுக்குத் தகடும், பின்புற வில்தகடுகள் மாட்டப்பட்டிருக்கிற இடங்களும் உளுத்துப்போனால், காரின் முதுகெலும்பே போனதாகும். இவற்றைப் பரீட்சிக்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு ஒரு திருப்புளியின் நுனியால் தட்டியும் அழுத்தியும் பார்க்கலாம். உறுதியான தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது சத்தமின்றி உள்வாங்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தக்கட்டி ஒன்றைக் கதவின் கீழோரத்திலே மெதுவாக நகர்த்தினால், அது பற்றாமல் வழுக்குகிற இடமெல்லாம் தகரம் போய் வெறும் பட்டி பூசி மெழுகப்பட்ட இடம் என்று அறியலாம். இவற்றினும் சிறந்த பரீட்சை ஒன்றுண்டு: காரின் நடுப்பகுதியை ஜக் வைத்துச் சற்றே உயர்த்தி, அந்த நிலையிலேயே கதவைத் திறந்து மூடவேண்டும். முன்பு இலகுவாகச் சாத்திய கதவு இப்போது இடிக்குமானால், உடல் வளைகிறது என்று பொருள். அதன்பிறகு பெயின்டின் பளபளப்பைப் பற்றி விற்பவர் சொல்வதை மரியாதைக்காக மாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

லான்ட் ரோவருக்குத் துருவே பிடிக்காது என்பதும் இந்த வாதத்தின் ஒரு கிளை. அதன் மேலுடல் அலுமினியக் கலவையால் ஆனது என்பது சரி. அவ்வுடலைத் தாங்குகிற சட்டம் உருக்கினால் ஆனது என்பதை எவரும் சொல்வதில்லை.

இரண்டாவதாக, எஞ்சின் ஊசி போல் ஓடுகிறது என்பார்கள். ஓடட்டும். பழைய காரிலே மிகச் சுலபமாகவும் மிக மலிவாகவும் சீர்செய்யக்கூடிய உறுப்பு எஞ்சினே என்பதை எந்தக் கராஜிலும் கேட்டறியலாம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்ட பின்னர், அந்த ஈயத்தை நம்பி வார்க்கப்பட்ட வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லத் தேய்வது இயல்பு. அதற்கும் பரிகாரம் உண்டு. பரிகாரம் அத்தனை இலகுவில் அமையாதது முன் சில்லைத் தாங்குகிற திருகுமூட்டு: காலாகாலத்தில் கிறீஸ் வைக்காவிட்டால் மைனரின் முன் சில்லு ஒரு நாள் மடிந்து விழுந்துவிடும். புலுத்தொட்டைக் கணவாயின் கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது அது நேர்ந்தால் என்னவாகும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளட்டும்.

மீட்டரில் நாற்பதினாயிரம் மைல்தான் என்கிற சாட்சியத்துக்கு அதிக மதிப்பளிக்க வேண்டியதில்லை. ஐந்து இலக்கம் மட்டுமே காட்டுகிற அந்தக் கருவி, 99,999ஐத் தாண்டியதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை முறை திரும்பிற்று என்பதை அது சொல்லாது. பிரேக் மிதியின் றப்பர் தேய்வும் டிரைவர் ஆசனத்தின் பள்ளமும் அதைவிட நம்பத்தகுந்த சாட்சிகள்.

இனி, எல்லாம் ஒரிஜினல் என்கிற பெருமைக்கு வருவோம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களின் தொடக்கம் முதலே கார் இறக்குமதி இறுக்கப்பட்ட தேசம் இது. அந்தக் காலத்தில் ஒரு காரை உயிரோடு வைத்திருந்தவர்கள், பட்டறையிலே தகடு அடித்தும், வேறொரு காரின் உறுப்பைப் பொருத்தியும், பின்னாளில் ஜப்பானிய எஞ்சினை ஏற்றியுமே வைத்திருந்தார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத்துரைமார் கப்பலேறி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர்கள் விட்டுச்சென்ற கார் அதன்பின் எத்தனை கைகளுக்கு மாறியிருக்கும்! தகடும் உறுப்பும் மாற்றப்பட்டதை இழுக்காக நான் கூறவில்லை. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயரின் கூட்டுறவோடு, மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. நம்முடைய டிங்கர் வேலைக்காரரின் கைத்திறன் அப்படிப்பட்டது. நல்ல கையால் மாற்றப்பட்ட தகட்டை மறைத்துவைத்து ஒரிஜினல் என்று விற்பதை விட, மாற்றியது என்று சொல்லி விற்பதே அந்தக் கைக்குச் செய்கிற மரியாதை. இந்த ஒரிஜினல் பெருமை இலக்கத்தகட்டையும் விட்டுவைப்பதில்லை: 1957இலும் 1958இலும் எந்தச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தமிழர் எதிர்த்துத் தார்பூசி அழித்தார்களோ, அந்த எழுத்துள்ள பழைய தகட்டுக்கு இன்று தமிழ்த் தரகரே கூடுதல் காசு கேட்கிறார்!

விலையைப் பற்றிய வாதமே இவையெல்லாவற்றிலும் பொல்லாதது. இங்கிலாந்தில் இத்தனை ஆயிரம் பவுணுக்குப் போகிறது, ரூபாவிலே பெருக்கிப் பாருங்கள் என்கிறார்கள். அங்கே வெளியாகிற விலை அட்டவணைகள் ஒரு காருக்கு ஒரு விலை மட்டும் போடுவதில்லை. காரின் நிலையைக் கொண்டு தரம் பிரித்தே போடுகின்றன. மேல்தரத்துக்கும் கீழ்த்தரத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் பன்மடங்காகும். கண்காட்சியில் நிற்கிற காரின் விலையைக் கொட்டிலில் நிற்கிற காருக்குக் கேட்பது எந்தக் கணக்கிலே சேரும்? விளம்பரங்களில் எல்லோரும் இதே விலைதான் கேட்கிறார்கள் என்று மறுமொழி வரும். கேட்கிற விலை கேட்பவருடைய ஆசையைக் காட்டுமேயன்றிக் கொடுப்பவருடைய சம்மதத்தைக் காட்டாது; நியாயமான விலை சொல்லப்பட்ட கார் இரண்டொரு நாளில் விற்றுப்போய் விளம்பரத்திலிருந்து மறைந்துவிட, அதிக விலை சொல்லப்பட்டதே மாதக்கணக்கில் நின்று சந்தை விலை என்ற வேஷத்தைத் தரித்துக்கொள்கிறது.

இரட்டிப்பாகும் என்கிற ஜோதிடத்தையும் சற்றே சோதிப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறிற்று. 2022இல் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மதிப்பு சில வாரங்களுக்குள்ளே 360 ரூபாவரை சென்றது. அந்த ஆண்டுகளில் காரை இரட்டிப்பு விலைக்கு விற்றேன் என்று மகிழ்ந்தவர், தமது லாபத்தில் பெரும்பகுதி ரூபாவின் வீழ்ச்சியே என்பதைக் கணக்கிட மறந்துவிட்டார். 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதிக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. வேறு வாகனம் கிடையாத காரணத்தால் மைனரைத் தேடியவர்கள் இனி அதைத் தேடவேண்டியதில்லை. மிஞ்சுகிறவர்கள் அதன்மேல் பிரியம் கொண்டவர்கள் மட்டுமே. அவர்களோ தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கிறவர்கள்.

கடைசியாக, பத்திரமெல்லாம் பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்பது. ‘ஓப்பன் பேப்பர்’ என்ற பெயரில், வாங்குபவர் பெயரெழுதாத கையொப்பப் படிவம் ஒன்று கைமாறிக் கைமாறி வருகிறது. பதிவுப் புத்தகத்திலோ முன்னொரு காலத்து உரிமையாளரின் பெயரே இருக்கிறது. அந்தக் கையொப்பத்தில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஐயம் தோன்றினால், அல்லது புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் காரிலுள்ள இலக்கங்களோடு ஒத்துவராவிட்டால், அந்தப் பெயருக்குரியவரை அல்லது அவருடைய வாரிசுகளைத் தேடிப் புறப்பட வேண்டியவர் வாங்கியவரே. தரகர் அதற்குள் தம்முடைய தரகோடு அடுத்த தோட்டத்துக்குப் போயிருப்பார்.