தானே பெருகும் பொறியும் நிமித்தகாரணமும்

சடம் அறிவுடையோனையின்றித் தொழிற்படாது என்னுஞ் சித்தாந்தத் துணிபு நானோ நுண்பொறியால் அழிந்ததென உலகாயதர் சிலர் ஆரவாரிக்கின்றனர். அமெரிக்கராகிய எரிக் டிரெக்ஸ்லர், அணுக்களை அடுக்கித் தன்போற் பிறிதொன்றை ஆக்கும் பொறியை 1986-ல் தம் நூலிற் கருதியுரைத்தார். ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய் முப்பது முறை பெருகின் நூறு கோடியைக் கடக்கும். நோய் தீர்த்தற்கும் அரும்பொருள்களை எளிதின் ஆக்குதற்கும் அது பயன்படுமென்பர், படுக. பொறியே பொறியை ஈனுமாகலின் கருத்தா வேண்டா என்பதே ஈண்டு மறுக்கற்பாலது.

அப்பொறி இன்னும் பிறந்திலது. பிறவாத பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுதல் வழக்காடுவார்க்கு அழகன்று! பிறப்பினும், குடத்திற்குத் தண்டசக்கரம்போல அது துணைக்காரணமாவதன்றி நிமித்தகாரணமாகாது. பெருகும் முறையை அதன்கண் வகுத்தவன் அறிவுடையோனாகலின். அதனால் விளையுங் கேடே இதற்குச் சான்று. கட்டின்றிப் பெருகுமேல் உயிர்ப்பொருள் யாவையும் உண்டொழிக்குமென அந்நூலாரே எச்சரித்தார். எவ்வளவில் நிற்பதென்பதைச் சடம் தானே அறியுமேல் இவ்வச்சம் எற்றுக்கு? படைத்தலைப் பொறிக்கீந்து ஒடுக்குதலை ஒருவர்க்கும் வையாதார், தீங்கு நேர்ந்துழிப் பொறியின்மேற் பழிசுமத்தித் தாம் தப்பக் கருதினர் போலும். அவ்வினை ஆக்கினோனை விடாது.

டிரெக்ஸ்லரோ, 2004-ல் கிறிஸ் பீனிக்ஸ் என்பாரோடு எழுதிய கட்டுரையில், நுண்ணாக்கத்திற்குத் தானே பெருகித் திரியும் பொறி வேண்டுவதில்லையெனக் கூறிவிட்டார். ஆரவாரிப்போர் அக்கட்டுரையைக் கண்டிலர்போலும்.