லைட்டா டைஃபாய்டு

கோவிட் பரிசோதனைக்கும் ஃப்ளூ பரிசோதனைக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஊரெல்லாம் இருமல், வாசகர்களும் விடாமல் கேட்கிறார்கள். எழுத உட்கார்ந்த நேரத்தில் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு லேப் ரிப்போர்ட்டை அனுப்பி என் ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்டான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கொடுத்த வாக்கு.

மூக்கில் விடும் குச்சி ஒன்றுதான். ஆர்டிபிசிஆர் இயந்திரமும் ஒன்றுதான். அது தேடுகிற வைரஸின் மரபணு மட்டும் வேறு. பெரிய வித்தியாசம், யாருக்காகப் பரிசோதிக்கிறோம் என்பதில் இருக்கிறது. 2020இல் நம் மூக்கில் குச்சி விட்டது பெரும்பாலும் அரசாங்கத்துக்காக. யாரைத் தனிமைப்படுத்துவது, எந்த வீட்டு வாசலில் தகரம் அடிப்பது என்று அதற்குத் தெரியவேண்டியிருந்தது. காய்ச்சலே இல்லாதவர்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். மற்ற மாநிலங்கள் ஆன்டிஜென் பரிசோதனைக்குத் தாவியபோதும், ஆர்டிபிசிஆர் தவிர வேறில்லை என்று தமிழ்நாடு பிடிவாதமாக நின்றது. அந்தப் பிடிவாதத்துக்கு இன்றும் ஒரு சலாம் போடலாம்.

ஃப்ளூவுக்கு அந்தக் கதை இல்லை. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ: வீட்டில் இரு, பரிசோதனை வேண்டாம். காய்ச்சல் கடுமை என்றாலோ, முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றாலோ பி: மருந்து கொடுக்கலாம், அப்போதும் பரிசோதனை வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால்தான் சி: ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பரிசோதி. இதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. ஒசெல்டமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். அங்கேயே பார்த்துச் சொல்லும் ரேபிட் கிட்டோ, ஃப்ளூ உள்ள நூறு பேரில் ஐம்பதிலிருந்து எழுபது பேரைத்தான் பிடிக்கும். அது ‘இல்லை’ என்று சொன்னால் நம்பத் தோன்றுமா? ஆகவே நம் தெரு டாக்டர் “வைரல்தான், போங்க” என்று பாராசிட்டமால் எழுதி அனுப்புவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கோவிட் கிட்டுக்கு 2021 மே மாதம் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது, விலை 250 ரூபாய். ஃப்ளூவையும் கோவிட்டையும் சேர்த்து வீட்டிலேயே பார்க்கும் முதல் கிட்டுக்கு அமெரிக்கா 2023 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. அனுமதி கிடைப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் அதைத் தயாரித்த லூசிரா நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. ஃப்ளூ பரிசோதனையின் ஜாதகம் அப்படி.

இனி தம்பி மகன். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் ‘ஃபீவர் பேக்கேஜ்’ எடுத்திருக்கிறான். வீட்டில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகுகிறது, குழந்தை இரவெல்லாம் இருமுகிறது. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வைடால் பரிசோதனை, அளவு 1:80. “பெரியப்பா, லைட்டா டைஃபாய்டு இருக்காம். அஞ்சு நாள் ஊசி போடணுமாம்.”

லைட்டா! பழைய வாசகர்களுக்கு வைடால் மீது எனக்குள்ள பகை தெரியும். புதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஃபெர்னாண்ட் வைடால் பாரிஸ் மருத்துவர். டைஃபாய்டு நோயாளியின் சீரம், டைஃபாய்டு கிருமிகளைக் கட்டி கட்டியாகத் திரளவைக்கிறது என்பதை வைத்து 1896இல் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக்கு அது மகத்தான வேலை. இன்றைக்கு லேபில் எட்டிப் பாருங்கள். கண்ணாடித் தகட்டில் வட்டங்கள். ஒரு சொட்டு சீரம், அதன்மேல் ஒரு சொட்டு நீலக் கரைசல், குச்சியால் ஒரு கலக்கு, தகட்டைச் சற்று நேரம் அப்படியும் இப்படியும் ஆட்டுகிறார்கள். மணல் மணலாகத் திரிந்தால் டைஃபாய்டாம்.

வைடால் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது தேறி வரவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் தெரிவது எப்போதோ வந்துபோன கிருமியின் மிச்சமாக இருக்கலாம், தடுப்பூசியின் விளைவாக இருக்கலாம், வேறொரு காய்ச்சல் கிளப்பிவிட்டதாகவும் இருக்கலாம். டேங்கர் தண்ணீர் குடித்து வளர்ந்த நம்மில் எத்தனையோ பேருக்கு நல்ல நாளிலேயே 1:80 காட்டும். முறைப்படி இன்னும் பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். காய்ச்சல் விட்டபிறகு யார் லேப் படி ஏறுவார்கள்?

2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? சீனாவிலிருந்து கோவிட் ரேபிட் கிட்கள் வந்து இறங்கின. அவையும் ஆன்டிபாடி தேடியவைதான். முடிவுகள் தாறுமாறாக வந்ததும், நிறுத்துங்கள், திருப்பி அனுப்புங்கள் என்று அதே மாதம் ஐசிஎம்ஆர் சொல்லிவிட்டது. கோவிட்டுக்கு ஒரு மாதம்கூடப் பொறுக்காத நாம், டைஃபாய்டுக்கு நூற்றாண்டு தாண்டியும் அதே மாதிரிப் பரிசோதனைக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

லேபை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. ‘வைரல்’ என்றால் நமக்குத் திருப்தி வராது. டைஃபாய்டு என்று பெயர் வைத்தால் ஆபீஸில் கேள்வி கேட்காமல் லீவு கிடைக்கும், மாமியார்கூடக் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வருவது செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. ஒருகாலத்தில் டைஃபாய்டை அடக்கிய சிப்ரோஃப்ளாக்சசின் நம் நாட்டில் பெரும்பாலும் பலிப்பதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இலிருந்து செஃப்ட்ரியாக்சோனுக்கும் அசையாத டைஃபாய்டு பரவியிருக்கிறது. ஃப்ளூ வந்தவனுக்கெல்லாம் அந்த ஊசியைக் குத்திக்கொண்டிருந்தால், நிஜமாகவே டைஃபாய்டு வந்தவனுக்கு எதைக் குத்துவது?

தம்பி மகனிடம் வேறொரு டாக்டரையும் பார்க்கச் சொன்னேன். அவன் என்ன செய்தான் என்று இன்னும் தகவல் இல்லை. நீங்களாவது கேளுங்கள். அடுத்தமுறை ஃபீவர் பேக்கேஜ் எடுக்கும்போது பட்டியலில் வைடால் இருந்தால், அது எதற்கு என்று டாக்டரிடம் கேட்டு நீக்கிவிடச் சொல்லுங்கள். டைஃபாய்டு சந்தேகம் அவருக்கு உண்மையிலேயே இருந்தால் பிளட் கல்ச்சர் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். ரத்தத்தை மட்டும் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.