கேஸ் ஷீட்டில் செருக வேண்டாம்

நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம், மூட்டுவலி பத்துக்கு எத்தனை என்று களப்பணியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா எண் எதுவும் சொல்லவில்லை. செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டு, ஒப்பாரி ராகத்திலேயே முழங்காலைப் பற்றி நாலு வரி இழுத்தாராம். படிவத்தில் குத்துமதிப்பாக ‘7’ விழுந்தது. பக்கத்திலேயே ‘மனச்சோர்வு?’ என்று ஒரு குறிப்பு.

மருந்துக்கு ஓர் எண் தேவைதான். அந்தக் கேள்விக்குறிதான் உறுத்துகிறது. வலியைப் பாட்டாகச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? திருநாவுக்கரசர் சூலை நோய் தாங்காமல் திருவதிகையில் பாடியதுதான் அவருடைய முதல் பதிகம். கண் போன சுந்தரர் பார்வை கேட்டுச் சிவனிடமே சண்டை போட்டார். இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. தோளில் ஏற்றிச் சுமந்தபடி ஊர் ஊராகப் போய், ஒரே வெண்பாவை ஆளுக்குப் பாதியாகப் பாடினார்கள் என்பார்கள். இவர்களை யாரும் நோயாளிகளாக வைத்துப் படிப்பதில்லை.

நவீன கவிஞருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1978இல் ‘ழ’ இதழைத் தொடங்கிய ஆத்மாநாம், 1984இல் 33 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதிலிருந்து அவர் கவிதைகளைத் தடயம் தேடுவதுபோல் பின்னோக்கிப் படிக்கிறோம். அவருடைய கிண்டலும் அரசியல் கோபமும் கண்ணில் படுவதில்லை. மனுஷ்ய புத்திரனின் ‘கால்களின் ஆல்பம்’ வாசித்தால் பயிற்சி வகுப்பே உருகும். காதல், நகரம், அதிகாரம் என்று அவர் எழுதிக் குவித்த மற்றவற்றை யார் வாசிக்கிறார்கள்?

சிகிச்சைக்கு வருபவர் ஒரு கவிதையை நீட்டினால், அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இந்த வரியை ஏன் இங்கே முறித்தீர்கள் என்று கேளுங்கள். மாத்திரை வேளை தவறாமல் போடுகிறாரா என்ற விசாரணை பத்து நிமிஷம் பொறுக்கும். சாக நினைப்பதாக ஒரு வரி வந்தால் மட்டும் பொறுக்காது. கவிதைதானே என்று விடாமல், அப்போதே நேரடியாகக் கேட்டாக வேண்டும்.

அவர் சம்மதம் இல்லாமல் அந்தத் தாளை கேஸ் ஷீட்டில் செருகவோ, ஆண்டு மலரில் போடவோ கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் கடமையை நம்மீது வைத்திருக்கிறது. அதற்காக, ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று நாமாக முடிவுகட்டுவதும் அத்துமீறல்தான். எழுதியவருக்குத் தன் பெயரை அச்சில் பார்க்கும் ஆசை இருக்காதா?

இன்னொன்று, தன்னம்பிக்கை வரிகளைத் தேடாதீர்கள். 2022 நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலிக்கு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தது. அதற்கு முன் எத்தனையோ வருஷம் மணல் தொடங்கும் இடத்திலேயே நின்று திரும்பியவருக்கு எரிச்சல்தான் வரும். அதுவும் கவிதைக்கு ஆகும்.

அடுத்த இதழிலிருந்து இப்படிப்பட்ட கவிதைகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். எழுதியவர்களே அனுப்பட்டும். எழுத வராதவர்கள் பாடிப் பதிவு செய்து அனுப்பலாம். நோயின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை.