தொட்டிலும் வாசலும்

ஆயர்பாடியில் நந்தகோபர் இல்லத்துத் தொட்டிலுக்கு வந்து குவிந்த பரிசுகளைப் பெரியாழ்வார் ஒவ்வொன்றாகக் கண்டு பாடியிருக்கிறார். சிறு பொன்தொட்டிலைப் பிரமன் அனுப்பினான். அரையில் பூட்டும் அணியை ஈசன் அனுப்பினார். கிண்கிணி இந்திரன் தந்தது. மார்புக்கு ஐம்படையும் ஆரமும் குபேரனிடமிருந்து வந்தன. முத்தும் பவளமும் வருணன் கொடுத்தவை. துர்க்கை கொண்டுவந்தவைதாம் ஒரு தாய்க்கு உண்மையில் கைகொடுக்கும் பொருள்கள்: மேனியில் பூச நறும்பொடி, மஞ்சள், கண்ணுக்கு மை. பிறந்த குழந்தைக்காக ஒரு வீடு தன்னை அலங்கரித்துக்கொள்ளும் ஆசையை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன பாசுரங்கள் அரியவை.

அவற்றை ஓதும்போது ஒரு கேள்வியும் எழும். பரிசு கொண்டுவந்த அத்தனை பேரின் பார்வையும் தொட்டிலின் மேலேயே இருந்திருக்கும். ஆனால் ஆயர்பாடியில் கண்ணனுக்கு மூத்தவன் ஒருவனும் வளர்ந்தான். ரோகிணியின் மகன் பலராமன் அப்போது எந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்?

இந்தக் கேள்வி புராணத்தோடு நின்றுவிடுவதன்று. குமணன்சாவடியில் ஒரு குடும்பம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலிருந்து மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் சாலை பிரியும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். மூத்தது பெண், இரண்டரை வயது. இளையவன் பிறந்து எட்டு நாள்கள். புண்யாகவாசனத்துக்கு இன்னும் மூன்று நாள்களே இருந்தன. வண்ணப்பூச்சு வேலையோ முடிந்தபாடில்லை.

மகள் இதுவரை பாட்டியோடு உறங்கிய சிறிய அறை ‘தம்பி அறை’ ஆயிற்று. சுவருக்கு வெளிர்நீலம். கூரையில் இருட்டில் ஒளிரும் நிலவும் விண்மீன்களும். கொசுவலை வைத்த மரத்தொட்டில் ஒன்று பெரிய அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. மகளின் சிறு கட்டிலையும் பொம்மைக் கூடையையும் கூடத்துக்கு மாற்றினார்கள். எல்லாம் அன்பினால் நடந்ததே. யாரும் அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதே வேளை, யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அன்று மாலை குழந்தையைக் காணவில்லை என்று வீடே தேடியது. தொட்டில் வந்த வெற்று அட்டைப்பெட்டிக்குள் அவள் கால்களை மடக்கி அமர்ந்திருந்தாள். வெளியே வா என்று தந்தை அழைத்தபோது வரவில்லை. “இது என் ரூம்” என்றாள். சாப்பாட்டுத் தட்டும் அந்தப் பெட்டிக்குள்தான் போயிற்று. அதற்கு முன்பே சில மாற்றங்கள் தெரிந்திருந்தன. விட்டுவிட்ட பால் புட்டியை மீண்டும் கேட்டாள். மாதக்கணக்கில் நனையாத படுக்கை இரண்டு இரவுகள் நனைந்தது. தம்பியின் பாதத்தை அவள் தடவுகிறாளா கிள்ளுகிறாளா என்று சொல்ல இயலாதபடி தடவினாள். அடம் என்று தாய் எண்ணினாள். பிரசவித்த உடலும் உறங்காத கண்ணுமாக இருப்பவள் வேறு எப்படி எண்ணுவாள்?

பாட்டிதான் முதலில் பேசினார்.

“ஏம்ப்பா, எட்டு நாள் குழந்தைக்குத் தனி ரூம் எதுக்கு? அவன் அம்மா பக்கத்துலதானே படுக்கப்போறான். இடம் வேணும்னா பெரியவளுக்குத்தாம்ப்பா வேணும்.”

“பெயிண்டருக்கு முழுப்பணமும் குடுத்தாச்சும்மா.”

“குடுத்தா என்ன? சுவரு அங்கயேதானே இருக்கு. பேரைத்தானே மாத்தணும்.”

“அத்தை சொல்றது சரிங்க” என்று உள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது. வழக்குத் தீர்ந்தது.

பாட்டி அனுபவத்தில் சொன்னதையே குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். பிறந்த குழந்தை முதல் ஆறு மாதங்களாவது பெற்றோர் உறங்கும் அறையிலேயே, அவர்களுக்கு அருகில் தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது. படுக்கை சமமாகவும் அமுங்காமலும் இருக்க வேண்டும். தலையணை, பஞ்சு பொம்மை எதுவும் முகத்தருகே ஆகாது. நீலச் சுவரும் ஒளிரும் நிலவும் எட்டு நாள் குழந்தையின் கண்ணுக்கு எட்டுவனவும் அல்ல. தாயின் முகம் இருக்கும் தூரமே அதன் உலகத்தின் எல்லை. நிலவைக் கைகாட்டி விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தைப் பிள்ளைத்தமிழ் வகுத்த புலவர்கள், காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை என்று ஆறு பருவங்களைத் தாண்டிய பிறகே வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்தக் கூரை நிலவு முதலிலிருந்தே அக்காளுக்கு உரியது. தம்பி இருப்பதோ தெய்வங்களைக் காவலுக்கு அழைக்கும் முதற்பருவத்தில்.

வண்ணம் பூசும் வேலை தொடர்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பழைய எனாமல் பூச்சு கதவிலும் சன்னலிலும் இருக்குமானால், அதைச் சுரண்டி உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் தூள் குழந்தைகளுக்குத் தீங்கானது. அந்தத் தூளால் தொட்டிலில் கிடப்பவனைக் காட்டிலும், தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் இரண்டரை வயதுக்காரிக்கே அபாயம் மிகுதி. பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் பட்டி பார்ப்பதும் சுரண்டுவதும் நடக்கலாகாது. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே முடித்து, சன்னல்களைத் திறந்து வைத்து வாடை போகவிட வேண்டும். கர்ப்பிணியும் மூத்த குழந்தையும் அந்தத் தூளுக்கு அப்பால் இருக்க வேண்டும். நாள் தவறிப்போனால் வேலையைத் தள்ளிப்போடுவதில் குறைவொன்றும் இல்லை. பத்து நாள் தாயையும் சேயையும் தனியே ஓரிடத்தில், வருவோர் போவோர் இன்றி வைத்த முன்னோர், அந்த இடத்துக்கு வண்ணம் கேட்டதில்லை. காற்றையும் சுத்தத்தையும் கேட்டார்கள்.

குமணன்சாவடிக் குடும்பத்தாருக்கு மாங்காடு காமாட்சியே எல்லாம். ஈசனின் கண்களை விளையாட்டாகப் பொத்திய அன்னை, பிழை தீர ஐந்து அக்கினிகளின் நடுவே ஒற்றைக்காலில் தவமிருந்த தலம் அது. அங்கிருந்து அன்னை காஞ்சிக்குச் சென்று ஏகாம்பரநாதரை மணந்தாள் என்பது தலவரலாறு. தவமும் திருமணமும் முடிந்த அந்தக் காஞ்சியில்தான், பிள்ளைகளைப் பெற்றோர் நின்று பார்க்க வேண்டிய காட்சி ஒன்று இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே குமரகோட்டம் அமைந்திருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய தலம். தந்தைக்கும் தாய்க்கும் நடுவே இளைய பிள்ளை! ஊரே சோமாஸ்கந்த வடிவம் என்று பெரியோர் சொல்வர். அதே ஊரில், ராஜசிம்ம பல்லவன் எடுத்த கயிலாசநாதர் கோயிலின் சுவர்களிலும் அந்தக் குடும்பத்தைக் காணலாம்: ஈசன், உமை, உமையின் மடியில் குழந்தைக் கந்தன். திருவாரூர்த் தியாகராசரின் திருவடிவமும் அதுவே.

அந்த வடிவத்தில் மூத்த பிள்ளைக்கு இடமில்லை. உமையின் மடி இளையவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது. பார்ப்பவர் மனத்தில் ஒரு சிறு குறை தட்டலாம். ஆனால் அந்தத் திருவுருவத்தைத் தரிசிக்கக் கோயிலுக்குள் காலெடுத்து வைப்பவர் முதலில் யாரைக் கும்பிடுகிறார்? வாசலில் மூத்தவர் அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தேங்காய் உடைக்காமல், தலையில் குட்டிக்கொள்ளாமல், தோப்புக்கரணம் போடாமல் எவரும் உள்ளே போவதில்லை. அப்பனுக்கும் அம்மைக்கும் நடக்கும் பூசையும் அவரைத் தொழுத பிறகே தொடங்குகிறது. மடி இளையவனுக்கு, முதல் மரியாதை மூத்தவனுக்கு. மடியை இழந்த பிள்ளையை மூலையில் நிறுத்தவில்லை, வீட்டின் வாசலையே அவன் பொறுப்பில் விட்டார்கள். (மாங்கனி விஷயத்தில் மட்டும் கயிலாயத்திலும் நிர்வாகம் சற்றுத் தடுமாறிவிட்டது. பிள்ளைகள் இருவர், கனி ஒன்று, நறுக்கவும் கூடாது என்றால் யாராவது ஒருவர் மலையேறிப் போகத்தான் செய்வார்.)

பதினோராம் நாள் புண்யாகவாசனம் ஆயிற்று. சாஸ்திரிகள் மாவிலையால் வீடெங்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பின் பாட்டி பேத்தியை அழைத்தார். குழைத்த மஞ்சளில் அவள் விரலைத் தோய்த்து, அந்தச் சிறிய அறையின் நிலைப்படியில் முதல் பொட்டை வைக்கச் செய்தார். அவள் வைத்த பொட்டு ஒழுகி நிலையின் அடிவரை வந்தது. துடைக்க வேண்டாமென்று பாட்டி சொல்லிவிட்டார். அவள் கண் எட்டும் உயரத்தில் பிள்ளையார் படம் ஒன்று வாசற்புறத்தில் மாட்டப்பட்டது. சிறு கட்டில் பழைய இடத்துக்கே திரும்பியது. அதற்கு எதிர்ப்புறத்தில் பாட்டியின் பாய். மரத்தொட்டில், தாயும் தந்தையும் உறங்கும் அறைக்குப் போயிற்று. அதைத் தள்ளிக்கொண்டு போனவர்களில் அவளும் ஒருத்தி.

அன்று மாலை உறவினர் வந்தனர். பாட்டி வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னார்: “குழந்தைக்குக் கொண்டுவந்ததைப் பெரியவ கையில குடுங்க. அவ கொண்டுபோய்த் தம்பிகிட்ட வைப்பா.” வெள்ளிக் கொலுசும் பருத்திச் சட்டைகளும் அப்படியே அவள் கைவழியாகத் தொட்டிலுக்குப் போயின. மூன்றாவது பொட்டலத்தில் இருந்த கிலுகிலுப்பையைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நெடுநேரம் அவளே ஆட்டிக்கொண்டிருந்தாள். யாரும் பறிக்கவில்லை.

ஒன்றில் மட்டும் பாட்டி தம் பழைய பழக்கத்தை விட்டுக்கொடுத்தார். பகலில் குழந்தை உறங்க நூல்புடவையில் தூளி கட்டுவது அவர் கண்ட வழக்கம். ஓடியாடும் குழந்தை ஒன்று வீட்டில் இருக்கும்போது, ஆளில்லாமல் தொங்கும் தூளி அபாயமானது. மூத்த பிள்ளைகள் அதில் ஏறி ஆடுவதும், சுற்றிச்சுற்றி முறுக்கிக்கொள்வதும், புடவை கழுத்தில் இறுகி உயிரே போவதும் தமிழகத்தில் மீண்டும் மீண்டும் நேரும் துயரம். கண்ணெதிரே உறங்கும் குழந்தைக்கு மட்டுமே தூளி. குழந்தையை எடுத்த மறுகணமே புடவையை அவிழ்த்துவிட வேண்டும். மேலே சுருட்டிக் கட்டுவதும் போதாது, நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறத் தெரிந்த வயது அது. இந்த வீட்டில் தூளிக்காக அடித்த கொக்கியையே கழற்றிவிட்டார்கள்.

அட்டைப்பெட்டி மேலும் ஒரு வாரம் கூடத்தில் கிடந்தது. அவள் அதில் தன் பொம்மைகளை உறங்கவைத்தாள். பிறகு ஒருநாள் பழைய பேப்பர்காரர் வந்தபோது அவளாகவே அதைப் படிவரை இழுத்துச் சென்றாள். ஆனாலும் படுக்கை நனைவது உடனே நிற்கவில்லை. மேலும் ஒன்றரை மாதம் ஆயிற்று. இரவில் பாட்டியின் பாயிலிருந்து எழுந்து அம்மாவிடம் போவதும் நிகழ்கிறது. அப்போது தந்தை இளையவனைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார். சிறிது நேரம் தாயின் மடி மூத்தவளுக்கு.

பலராமன் எங்கே நின்றான் என்ற கேள்விக்குப் பெரியாழ்வாரிடமே விடை இருக்கிறது. தாலாட்டுப் பாடிய அதே ஆழ்வார், கண்ணனைத் தளர்நடை நடந்துவர அழைக்கும் பாசுரங்களில் அண்ணனைக் கொண்டுவருகிறார். வெள்ளிமலை பெற்ற பிள்ளை போல் வெண்ணிறத்துப் பலதேவன் முன்னே ஓடுகிறான். கருமலை பெற்ற பிள்ளை போல் கண்ணன் அவனைப் பிடிக்க அடிமேல் அடிவைத்துப் பின்னே வருகிறான். முன்னால் ஓட ஓர் அண்ணன் இருந்ததால் தம்பிக்கு நடக்கும் ஆசை வந்தது போலும்.

குமணன்சாவடித் தம்பி தளர்நடை போட இன்னும் பல மாதங்கள் உண்டு. இப்போது அவனுக்கு மூன்றாம் மாதம் நிறைகிறது. மாடியோரம் மெட்ரோ பாலத்தின் இரைச்சலுக்கும் வீதி வண்டிகளின் ஓசைக்கும் அவன் அசைவதில்லை. அடுத்த அறையில் அக்காளின் கொலுசு ஒலித்தால் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புகிறான்.