திடனற்றவர்கள் யார்?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்த மறுநிமிடம் ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்துவிடும். கான்ட்ராக்ட் வேலை, ஒரே அறையில் ஐந்தாறு பேர், மாதம் பிறந்தால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். அவர்களில் ஒருவன், "முடியலண்ணா, ஊருக்கே போயிடலாம்னு இருக்கு" என்றால் என்ன சொல்கிறோம்? "ஆம்பளப் புள்ள இப்படிக் கலங்கலாமா?" என்கிறோம். சபைக்கு வருகிறவன் என்றால், "விசுவாசம் பத்தல தம்பி" என்றும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஆனால் வேதம் அப்படிச் சொல்கிறதா? தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில், ஐந்தாம் அதிகாரம் 14-ஆம் வசனத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புத்திமதி அங்கே ஒழுங்கில்லாமல் திரிகிறவர்களுக்குத்தான். திடனற்றவர்களுக்கு அவர் வைத்திருப்பது ஆறுதல். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல், உள்ளம் சிறுத்துப்போனவர்களைக் குறிக்கிறது. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் அதற்கு இட்ட சொல், பின்னாளில் புத்தி வளராதவர்களைக் குறிப்பதாக மாறிப்போனது. 1881-இல் வந்த திருத்திய புதிய ஏற்பாடு அதை, மனம் சோர்ந்தவர்கள் என்ற பொருளுக்குத் திருப்பியது. அறிவுக்கும் இந்தச் சோர்வுக்கும் சம்பந்தமே இல்லை.

தெசலோனிக்கே சபையார் ஏன் சோர்ந்தார்கள்? விசுவாசத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் ஊராரின் உபத்திரவம். கூட இருந்த சிலர் இறந்தும் போனார்கள். பவுல் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவரே கூடாரம் செய்கிற தொழிலாளி. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று அந்த ஊரில் இரவும் பகலும் கைவேலை செய்தவர். உழைத்துக் களைத்த உடம்பு அவருக்குத் தெரியும்.

ஆகவே, மனம் விட்டுப்போனது பாவமென்று யாரையும் நம்பவைக்காதீர்கள். அந்த வசனம் திடனற்றவர்களைப் பார்த்துப் பேசவில்லை, பக்கத்தில் இருக்கிற நம்மைப் பார்த்துப் பேசுகிறது. அடுத்த அறைத் தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையா? கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் பேசலாம். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இதைப் படிக்கிற நீங்களே சோர்ந்திருந்தால், யாரிடமாவது இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறுதல் கேட்பது உங்கள் உரிமை.

அன்புடன்,
ஆசிரியர்